உப்புராணிக்கு இரவல் குரல் வேண்டாம்

ஒரே ஒரு கிழமைதான் நான் கெட்டவளாக இருந்தேன். அதுவும் தொலைக்காட்சியில், சனிக்கிழமை பின்னேரம், இருபத்தைந்து நிமிடங்களுக்கு. குடாநாட்டுக் கிணறுகளில் எல்லாம் உப்பைக் கலந்துவிட்டு, சனத்தை என் காலடியில் விழுத்தப் பார்த்தேன். கடைசியில் ஒரு வாளி மழைத் தண்ணீரில் கரைந்து செத்தேன். அந்தத் தொடரில் கிழமைக்கு ஒரு வில்லன் வருவான், அந்தக் கிழமையே ஒழிந்து போவான். எனக்கு முந்திய கிழமை வந்தவர் இரத்தம் குடிக்கிற நுளம்பு மன்னன். எனக்கு அடுத்த கிழமை வந்தது பழைய இரும்புக் கடைப் பூதம். நடுவில் நான், உப்புராணி.

தொடரின் நாயகனுக்குப் பெயர் தும்பியார். பச்சை நிறத்தில் இறுக்கமான காற்சட்டை, முதுகில் குடைக் கம்பியில் செய்த நான்கு இறக்கைகள், கண்ணுக்கு மோட்டார் சைக்கிள்காரர் போடுகிற கறுப்புக் கண்ணாடி. அவர் பறக்கும்போது பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும். அவர் யாருக்காவது அடித்தால் திரையில் மஞ்சள் எழுத்தில் "டமார்" என்று விழும். எல்லாம் விளையாட்டு என்று பார்க்கிற பிள்ளைகளுக்கும் தெரியும், நடிக்கிற எங்களுக்கும் தெரியும். ஆனால் எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. ஏன் என்று சொல்வதானால் என் தொண்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கழுத்தில் ஒரு கழலை இருந்தது. அது பெருத்து மூச்சை நெருக்கத் தொடங்கியபோது வெட்டி எடுத்தார்கள். குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, குரலில் மாற்றம் வரலாம் என்று டாக்குத்தர் முதலே சொன்னார். விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன். ஆகவே இங்கே யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை. காய்ந்த ஓலையைச் சீமெந்துத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் வருமே, அந்தச் சத்தம். ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். ஆறு மாதமும் போய், இரண்டு வருடமும் போயிற்று. ஓலை ஓலையாகவே இருந்தது.

நான் பாடுகிறவள். பதினாறு வயதிலிருந்து எங்கள் தேவாலயத்துக் கொயரில் முன்வரிசையில் நின்றவள். பாட்டுப் போனதற்காக அழுதேன். ஒளித்தும் அழுதேன், ஆட்களுக்கு முன்னாலும் அழுதேன். பிறகு ஒருவாறு அதைச் செமித்துக்கொண்டேன். செமிக்க முடியாமல் போனது வேறு ஒன்று. எல்லோரும் எனக்காகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

முதலாவது ஆள் என் கணவர். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு பூச்சிக்கும் தீங்கு நினையாத மனிதர். தொலைபேசி அடித்தால் பாய்ந்து எடுப்பார். "ஓம், இருக்கிறா. நல்லா இருக்கிறா. ஓம் ஓம், சாப்பிட்டிட்டா." நான் பக்கத்தில்தான் இருப்பேன், சாப்பிட்டிருக்க மாட்டேன். சாவகச்சேரிச் சந்தைக்குத் தங்கச்சியோடு போனால், நான் வாயைத் திறக்குமுன் அவள் கடைக்காரரிடம், "அக்காவுக்குக் கத்தரிக்காய் அரைக் கிலோ" என்பாள். எனக்குத் தேவைப்பட்டது முருங்கைக்காய். அந்த இரண்டு வருடமும் வீட்டில் கத்தரிக்காய்க்குக் குறைவே இல்லை.

தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கும் முறைப் பட்டியலில் என் பெயர் மெல்ல இல்லாமல் போனது. "ஆறுதலா இருங்கோ அக்கா" என்றார்கள். நான் ஆறுதலாக இல்லை என்பதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அலுவலகத்திலும் அதுதான் நடந்தது. நான் அரச எழுதுவினைஞர். பதினான்கு வருடம் விசாரணைக் கவுண்டரில் இருந்தேன். எந்தப் படிவம், எந்த அறை, யாரிடம் கையெழுத்து என்று சனத்துக்குச் சொல்வது என் வேலை. ஒப்பரேசன் முடிந்து திரும்பிப் போன அன்று என்னைப் பின்பக்கத்து ஃபைல் அறைக்கு மாற்றியிருந்தார்கள். தொண்டைக்கு ஓய்வாம். கதிரைக்கு ஒரு மெத்தையும் வாங்கிப் போட்டிருந்தார்கள். கவுண்டரில் ஒரு இளம் பெண் இருந்தாள். தங்கமான பிள்ளை, காணும்போதெல்லாம் எழுந்து நின்று சிரிப்பாள்.

எனக்குக் கொஞ்சம் கோபம் கூட. பொல்லாதவர்களோடு சண்டை பிடிக்க எனக்கு நன்றாகத் தெரியும். நல்லவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது? மெத்தை வாங்கித் தருகிறவர்களைப் பார்த்து என்ன சொல்லி ஏசுவது? அப்படியே ஃபைல்களுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒருநாள் அந்த அறைக்கு ஒரு மனிதர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர். ஏதோ பழைய காணிப் பத்திரத்தின் பிரதி எடுக்க வந்து, ஆளில்லை என்று நினைத்துத் தானே அலுமாரியிலிருந்து ஒரு ஃபைல் கட்டை இழுத்தார். இழுத்தால் மேலே இருந்த எல்லாம் விழும். நான் அலுமாரிக்குப் பின்னால் நின்று, "அந்த ஃபைலிலை கை வையாதேங்கோ" என்றேன்.

மனிதர் துள்ளி விழுந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அலுமாரியைச் சுற்றி எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உங்கடை குரல் எப்பவும் உப்பிடியோ?"

"ஓம். ஏன் தம்பி, உமக்கு ஏதும் இடைஞ்சலோ?"

"ஐயோ இல்லை அக்கா. உந்தக் குரலை நான் மூண்டு மாதமாத் தேடித் திரியிறன்."

ஏசுவதற்கு வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றேன். எல்லோரும் காப்பாற்ற நினைக்கிற, மறைக்க நினைக்கிற, இல்லாதது மாதிரிப் பாவனை செய்கிற ஒன்றை ஒரு மனிதர் தேடித் திரிகிறாராம். அவர் தும்பியார் தொடரின் நெறியாளர். உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றுக்காகத் தன் சிநேகிதர்களை வைத்து எடுக்கிறார். கதையில் ஒரு உப்புராணி வருகிறாள். தொண்டைக்குள் உப்புப் பூத்தவள் போல அவள் கதைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வசனம் எழுதிய கடதாசிகளோடு வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டு வருவதற்குள் கணவர் பதிலைச் சொல்லி முடித்துவிட்டார். "குறை நினையாதேங்கோ தம்பி. அவவுக்கு உது ஏலாது. தொண்டையை அலட்டக் கூடாது. அவவுக்கும் உதிலை விருப்பம் இல்லை."

விருப்பம் இல்லை என்பதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, நான் எத்தினையாம் திகதி வரவேணும்?" என்று கேட்டேன்.

"உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன்" என்றார் கணவர்.

"தெரியும்" என்றேன். கடதாசிகளை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

உடுப்பை நெறியாளரின் மனைவி தைத்தார். ஒரு நத்தார் நாடகத்தில் தேவதூதனுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில், பெட்டிகளுக்குள் வருகிற ரெஜிபோமை உதிர்த்த வெள்ளை மணிகளை ஒட்டி, தலைக்கு அலுமினியத் தாளில் கிரீடம் செய்தார். தேவதூதன் வில்லியாக மாற ஒரு பின்னேரம்தான் பிடித்தது. சாகிற காட்சிக்கு மட்டும் தனியாக இன்னொரு சட்டை. மெல்லிய கடதாசியைக் கஞ்சியில் தோய்த்து, மேலே கட்டி உப்பைத் தூவிக் காயவைத்தது. தண்ணீர் பட்டால் கரைந்து விழும், உள்ளே வெள்ளை உடுப்பு இருக்கும். அப்படி ஒன்றுதான் செய்ய முடிந்தது. "அக்கா, உந்தக் காட்சியை ஒரே தரத்திலை எடுக்கவேணும். பிழைச்சால் திரும்ப எடுக்க உடுப்பு இல்லை" என்று நெறியாளர் மூன்று தரம் சொன்னார்.

தென்மராட்சியில் களப்புக் கரையோரம், மாடு மேய்கிற ஒரு தரவை வெளியில், கிணற்றடியில் படப்பிடிப்பு. தும்பியாராக நடித்தவர் பேருந்து நடத்துநர். அவர் எந்த வீர வசனத்தைச் சொன்னாலும் முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ என்பது போலவே கேட்கும். மாடுகள் வந்து நடுவில் நிற்கும். காற்று இறக்கையைப் பிய்க்கும். கடதாசியில் எழுதியிருந்த வசனங்கள் எங்கள் வாயில் வருகிற தமிழ் இல்லை. "யாழ் மக்களே, உங்கள் கிணறுகள் இனி என் வசம்" என்று இருந்தது. நான் அதை ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு என் பாட்டில் சொன்னேன். "இனி ஒருத்தரும் தேத்தண்ணிக்குச் சீனி போடாதேங்கோ. நான் போட்டிருக்கிற உப்பே போதும்."

நெறியாளர் கையைத் தட்டினார். "அப்பிடியே கதையுங்கோ அக்கா. கடதாசியை விடுங்கோ."

அன்று எனக்கு வந்த சந்தோசத்தை நடிப்பு என்று யாரும் நினைக்கக் கூடாது. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அங்கே நின்ற ஒன்பது பேரும் வாயை மூடிக்கொண்டு அது முடியும்வரை காத்திருந்தார்கள். ஒருவரும் நடுவில் புகுந்து அதை எனக்காக முடித்து வைக்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவை. தலையில் அலுமினியத் தாளோடு, மாட்டுச் சாணியை மிதித்துக்கொண்டு நின்று, மனம் நிறைய இருந்தேன்.

கடைசியாகச் சாகிற காட்சி. தும்பியார் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, மழைத் தண்ணீர் என்று சொல்லி வாளியை என் தலையில் கவிழ்க்க வேண்டும். கமரா என் முகத்துக்குக் கிட்ட. நான் கரைந்துகொண்டே, "அழிந்தேன், இனி நான் வரவே மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வசனத்தை மட்டும் கடதாசியில் உள்ளபடி சொல்லச் சொல்லியிருந்தார். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கிக்கொண்டு போனேன். வாளி கவிழ்ந்தது. தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. மூச்சு நின்று திரும்பியது. கடதாசிச் சட்டை தோளிலிருந்து கஞ்சியாக வழிந்தது. நான் கமராவைப் பார்த்து வலு அமைதியாக, "அப்ப நான் போட்டு வாறன்" என்றேன்.

எங்கள் ஊரில் வெளிக்கிடுகிற ஒருவரும் "போறன்" என்று சொல்வதில்லை. அடுத்த வீட்டுக்குப் போனாலும், அவுஸ்திரேலியாவுக்குப் போனாலும், போட்டு வாறன்தான். போய்விட்டு வருகிறேன் என்பது வாயில் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. தவறி "போறன்" என்று சொல்லிவிட்டால், அம்மா வாசல் படலையிலிருந்து திருப்பிக் கூப்பிட்டுச் சரியாகச் சொல்லவைத்துத்தான் விடுவா. ஐம்பத்திரண்டு வயது வாய்க்கு வேறு எப்படிப் போவது என்று தெரியவில்லை. சாகப் போகிறவள், அதுவும் உலகத்தை அழிக்க வந்தவள், விருந்துக்கு வந்து எழும்புகிற ஆளைப் போல விடைபெற்றுக்கொண்டேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தும்பியார் சிரித்த சிரிப்பில் ஒரு இறக்கை கழன்று கிணற்றுக்குள் போனது. சட்டை கூழாய்க் கிடந்தது, திரும்ப எடுக்க வழியில்லை. "பறவாயில்லை அக்கா, ஒரு மாதிரிச் சமாளிப்பம்" என்றார் நெறியாளர்.

இரண்டு கிழமை கழித்து அவர் வந்தார். உள்ளே வராமல் படலையடியில் நின்று என் கணவரோடு கதைப்பது கேட்டது. நான் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அண்ணை, சனல்காரர் அக்காவின்ரை குரல் விளங்கேல்லை எண்டு சொல்லிப்போட்டினம். காத்துச் சத்தமும் கூட. கொழும்பிலையிருந்து ஒரு பிள்ளை வந்து குரல் குடுக்கப் போறாவாம். அக்காவின்ரை முகம் அப்பிடியே இருக்கும்."

"அதுவும் நல்லதுதான் தம்பி. நான் அவவுக்குச் சொல்லிவிடுறன்" என்றார் கணவர்.

முகம் அப்படியே இருக்குமாம். என் முகத்தை நான் இரண்டு வருடமாகச் சந்தைக்கும் தேவாலயத்துக்கும் கந்தோருக்கும் கொண்டுபோய்க் கொண்டுதானே வருகிறேன். முகத்துக்கு ஒருநாளும் ஒரு குறையும் வரவில்லை. கீரைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டுப் படலைக்குப் போனேன்.

"தம்பி, உந்தக் குரலை மூண்டு மாதம் தேடினனீர். இப்ப வேண்டாமோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "எனக்கு வேணும் அக்கா. அவையள்தான் கேக்கினமில்லை."

"குரல் குடுக்கிற இடத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போம்."

"பாத்தால் உங்களுக்கு மனவருத்தமா இருக்கும்."

"வருத்தப்படப் போறது நான்தானே. எண்டைக்கு எண்டு சொல்லும்."

அவர் போனபின் கணவர், "ஏன் உப்பிடிப் பிடிவாதம் பிடிக்கிறீர்? ஒரு சின்னப்பிள்ளையளின்ரை நாடகம்" என்றார். அன்றுதான் நான் முதல் தடவையாக அவரோடு சண்டை பிடித்தேன். கத்த முடியாது, ஆகவே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"இரண்டு வருசமா எனக்குப் பதிலா நீங்கள் கதைக்கிறியள். ஒருக்காலும் நான் நினைச்சதை நீங்கள் சொன்னதில்லை. எனக்குப் பசிக்கேக்கை சாப்பிட்டிட்டா எண்டு சொல்லுறியள். ஆசையா இருக்கேக்கை விருப்பம் இல்லை எண்டு சொல்லுறியள்."

"நான் உமக்கு உதவியாத்தான்..."

"ஓம். உதவிதான். அதை நிப்பாட்டுங்கோ."

அவர் முகம் கறுத்துப் போனது. போய் வாழைக்குத் தண்ணீர் விட்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

குரல் பதிவு செய்கிற இடம் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மாடியில், ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. கொழும்பிலிருந்து வந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். எனக்கே பொறாமை வருகிற குரல். என்னைக் கண்டதும் எழுந்து கதிரை தந்தாள். தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் இருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நெறியாளரிடம், "அம்மாவுக்கு நிலைமையை விளங்கப்படுத்திப்போட்டீரோ?" என்றார்.

"எனக்கே சொல்லுங்கோ ஐயா. எனக்குக் காது கேக்கும்" என்றேன்.

மனிதர் நேர்மையானவர். என் பக்கம் திரும்பி இருந்து, "உங்கடை நடிப்பு வலு திறம் அம்மா. ஆனால் வீட்டிலை இருந்து பாக்கிற சனத்துக்கு வசனம் விளங்கவேணும். அதுதான் எங்கடை கஷ்டம்" என்றார். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்தப் பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தொடங்கினாள். திரையில் என் முகம். என் வாய் திறக்கிறது, மூடுகிறது, வேறொருத்தி கதைக்கிறாள். தெளிவாக, அழகாக, ஒரு பிசிறு இல்லாமல். இரண்டு வருடமாக வீட்டிலும் வெளியிலும் நடந்துகொண்டிருந்ததை இப்போது கண்ணுக்கு முன்னால் படமாகப் போட்டுக் காட்டினார்கள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். போனால் அதோடு முடிந்துவிடும். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கடைசி வசனம் வந்தது. "அழிந்தேன், இனி நான் வரவே மாட்டேன்." பொருந்தவில்லை. மற்ற இடங்களை எட்ட நின்று எடுத்தபடியால் சமாளிக்க முடிந்தது, இந்த இடத்தில் திரை முழுக்க என் முகம்தான். அவள் வாயை அகலத் திறந்து "அழிந்தேன்" என்கிறாள். திரையில் நான் உதட்டைக் குவிக்கிறேன். இழுத்துச் சொல்லிப் பார்த்தாள், சுருக்கிச் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாம் தரம் கருவியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, இந்த இடத்துல நீங்க உண்மையில என்ன சொன்னீங்க?"

"போட்டு வாறன்."

"எதைப் போட்டு?"

ஒலிப்பதிவுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒண்டையும் போடேல்லைப் பிள்ளை. போட்டு வாறன்."

"அதுதான் அன்ரி, எதையோ போட்டுட்டு வர்றேன்னு சொல்றீங்க. கையில ஒண்ணும் இல்லையே. கிரீடத்தையா போடுறீங்க?"

நான் விளங்கப்படுத்தினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. சரி, அதையே சொல்கிறேன் என்று திரும்ப மாட்டிக்கொண்டாள். "அப்ப நான் போட்டு வாரன்" என்று வந்தது. "வாரன் இல்லை, வாறன்" என்றேன். நாக்கை எங்கே வைப்பது என்று காட்டினேன். திரும்பவும் வாரன். மூன்றாம் தரமும் வாரன். உப்புராணி எங்கோ வாரிக்கொண்டு ஓடப் போகிறவள் மாதிரி இருந்தது. அந்தப் பெண் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதை நீங்களே சொல்லிடுங்க அன்ரி. எனக்கு வராது."

பொறுப்பாளர் நேரத்தைப் பார்த்தார். "சரி. அந்த ஒரு வசனத்தை மட்டும் அம்மா சொல்லட்டும்."

போய் நின்று சொன்னேன். ஒலிப்பதிவுக்காரர் ஏதோ ஒன்றைத் திருகினார். அறைக்குள் என் குரல் வந்தது. கரடுமுரடாக, ஆனால் ஒரு சொல்லும் விழாமல். தரவைக் காற்று இல்லாமல் அதை நான் கேட்டது அன்றுதான். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

"ஆனா சார், முழுக்க என் குரலும் கடைசியில இவங்க குரலும் வந்தா, ராணி ரெண்டு பேர்னு பிள்ளைகள் நினைக்காதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் அதைத் தெரிந்துதான் கேட்டாள் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். நான் மைக்கை விட்டு நகரவில்லை.

"ஐயா, எல்லா வசனத்தையும் நானே சொல்லுறன். விளங்காத இடத்திலை நீங்கள் கையைத் தூக்குங்கோ. விளங்குமட்டும் திரும்பச் சொல்லுறன்."

"தொண்டை தாங்குமோ அம்மா?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

நாற்பத்தொரு வசனம். அவர் ஒரு ஓரவஞ்சனையும் செய்யவில்லை, ஒரு சலுகையும் தரவில்லை. விளங்காவிட்டால் கை மேலே போனது. "கிணறு" என்ற சொல்லுக்கு மட்டும் ஆறு தரம் தூக்கினார். மூச்சை எங்கே எடுப்பது, எந்தச் சொல்லில் நிறுத்துவது என்று கொயரில் முப்பத்துநான்கு வருடம் பழகியது எனக்குக் கைகொடுத்தது. நீளமான வசனத்தை இரண்டாய் உடைத்தேன். உரத்துச் சொல்ல முடியாத இடத்தில் மெதுவாகச் சொன்னேன். அந்தப் பெண் போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தொண்டை நெருப்பாய் எரிந்தது. மூன்று மணித்தியாலம். கடைசி ஏழு வசனங்களுக்கு அவர் கையைத் தூக்கவே இல்லை.

"விளங்குது" என்றார். எனக்கு வேறு ஒன்றும் தேவையாக இருக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் என்னால் வாய் திறக்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் தொலைபேசி அடித்தபோது கணவர், "அவ திங்கட்கிழமை கதைப்பா, அப்ப எடுங்கோ" என்று சொல்லி வைத்தார்.

உப்புராணி சனிக்கிழமை வந்து சனிக்கிழமையே செத்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளை ஓடிப்போய்க் கிணற்றைத் தகரத்தால் மூடியதாம். போட்டு வாறன் என்று சொன்னதால் திரும்பி வருவாளா என்று சில பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த கிழமை இரும்புப் பூதம் வந்ததும் என்னை மறந்தும் போனார்கள். தேவாலயத்தில் ஒருவர், "இரண்டு இடத்திலை விளங்கேல்லை" என்றார். "ஓம், எனக்கும் தெரியும், இரண்டு இடம்" என்றேன். இன்னொருவர், "பாவம், உந்தக் குரலோடை ஏன் கஷ்டப்பட்டனீங்கள்" என்று என் கையைப் பிடித்தார். பழைய ஆத்திரம் ஒரு நொடி வந்தது. "விருப்பப்பட்டுத்தான்" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன்.

உப்புராணி செத்த அடுத்த திங்கட்கிழமை காலையில் நேரே அலுவலகத் தலைவரின் அறைக்குப் போனேன். என்னைத் திரும்பக் கவுண்டரில் இருத்தும்படி கேட்டேன்.

"உங்களுக்கேன் அந்தக் கரைச்சல்? சனம் சத்தம் போடுற இடம். விருப்பமெண்டால் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, யோசிப்பம்" என்றார்.

"கடிதம் தரமாட்டன் சேர். வாயாலைதான் கேக்கிறன். விளங்கேல்லை எண்டால் திரும்பக் கேக்கிறன்."

திரும்பக் கேட்டேன். மூன்றாம் தரம் கேட்க அவர் விடவில்லை. ஒரு கிழமை பார்ப்போம் என்றார். இளம் பெண்ணைப் பின்னால் உள்ள மேசையில் இருக்கச் சொன்னார். தேவைப்பட்டால் உதவிக்காம்.

முதலாவதாக வந்தவர் ஒரு வயதான மனிதர், கரவெட்டிப் பக்கம். கையில் குடையும் ஒரு பழைய உறையும். பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் பெயர் பிழையாக விழுந்துவிட்டது, திருத்த வேண்டும். நான் பதில் சொன்னேன். அவர் கையைக் காதில் வைத்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது, பிள்ளை ஒன்று அழுதது, யாரோ தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பிள்ளை, விளங்கேல்லை. கொஞ்சம் உரத்துச் சொல்லும்."

எனக்குப் பின்னால் கதிரை இழுபட்டது. அந்த நல்ல பிள்ளை எழுந்துவிட்டாள். அவள் வந்து என் தோளுக்கு மேலால் குனிந்து, இனிமையான குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். நான் திரும்பிப் பார்க்காமல், வேண்டாம் என்று கையை மட்டும் பின்னால் காட்டினேன்.

"உரத்து வராது ஐயா. கிட்ட வாங்கோ."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். குடையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, கவுண்டர்க் கண்ணாடியில் இருந்த ஓட்டையில் காதை வைத்தார். நான் எந்தப் படிவம், எந்த அறை, யாரிடம் கையெழுத்து என்று முதலிலிருந்து சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். பின்னால் கதிரை திரும்பவும் இழுபட்டது. அவள் அதிலேயே திரும்ப இருந்துவிட்டாள்.